ஊற்றுத் தண்ணீர் ஊறும் வரை

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் வரிசையில் எல்லா வீடுகளிலும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் சொந்த ஊர் என்று ஒன்று எங்கோ தொலைவில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்களுக்குத் திருநெல்வேலி, பக்கத்து வீட்டுக்குச் சேலம், மாடியில் இருந்தவர்களுக்குக் காரைக்குடிப் பக்கம். புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவுமாக ரயில் ஏறப் போவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பாவின் சொந்த ஊர் மேனாம்பேடு. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நானும் தம்பியும் சண்டை போட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். "லீவுக்கு ஊருக்குப் போறியா?" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் போகிறேன் என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு, எந்த ஊர் என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்தக் குறை பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு விடுமுறையான ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சொந்தக்காரர் வீடு. மேனாம்பேட்டில் பெரியப்பா வீடு, காட்டுப்பாக்கத்தில் அத்தை வீடு, நடுவில் ஒரு தடவை திருவேற்காடு கோயில், ஒரு தடவை கடற்கரை. எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பா அதே கதைகளைத்தான் சொல்வார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். காட்டுப்பாக்கத்து அத்தை தம்பியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, இப்டி எளைச்சிப் பூட்டியே" என்று கண் கலங்குவாள். தம்பி அப்போது இட்லிக்குண்டான் மாதிரி இருந்தான்.

இந்த உலாவில் அம்மா வருவாளே தவிர, மனம் ஒட்ட மாட்டாள். அவளுடைய கோடை வேறு. அது ஏரியில் இருந்தது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை, எங்கள் சித்தி. இவர்களைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்தியை வளர்த்ததும், எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்தே கல்யாணம் செய்து கொடுத்ததும் அம்மாதான். பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு. சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்தார். அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நமக்குக் கேள்வி மறந்துவிடும். அவருடைய அம்மா, அதாவது சித்தியின் மாமியார், அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் காலமெல்லாம் கூலிக்கு நாற்று நட்டவள். வயல்கள் மனையாகி, மனைகள் வீடாகிப் போன பிறகும் அவள் குரல் மட்டும் வயற்காட்டுக் குரலாகவே இருந்தது. வரப்பின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரிதான் உப்பை எடுத்து வா என்று சொல்வாள்.

மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் சித்தி வீட்டுக்கு ரோடு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பஸ் மாறி இன்னொரு பஸ், அப்புறம் ஒரு நடை. ரோடு வழியாகப் போனால் அது முறையான விருந்து. பழம், பூ, பிஸ்கட் பொட்டலம் எல்லாம் வாங்க வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமியார் வாசற்படியோரம் காலை நீட்டிக்கொண்டு அம்மாவிடம் ஊர்க்கதை பேசுவாள். சித்தி அடுப்படியில் இருப்பாள். காபி கொண்டுவந்து கொடுக்கும்போது அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "நல்லாக்கீறியா?" "நல்லாக்கீறேன்கா." அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

கோடையில் சித்தி வீடு கிட்டத்தில் வந்துவிடும். பங்குனி பிறந்ததும் ஏரி ஓரங்களிலிருந்து உள்வாங்க ஆரம்பிக்கும். சித்திரையில் நடுவில் மட்டும் பச்சையாக ஒரு குட்டை மிச்சமிருக்க, சுற்றிலும் தரை வெடித்துக் கிடக்கும். குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சுவரில் யாரோ புண்ணியவான் இடித்து வைத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதில் நுழைந்து வெளியே வந்து, கருவேல முள் காட்டைத் தாண்டிக் கரை ஏறி இறங்கினால் ஏரி. நடுக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நடந்தால் சித்தியின் ஊர்க்காரர்கள் தோண்டி வைத்திருக்கும் ஊற்றுக்குழிகள் வரும்.

அந்த ஊரில் கோடையில் கிணறுகள் வற்றிவிடும். தெருக்குழாய் பெயருக்கு நின்றுகொண்டிருக்கும். குடிக்கவும் சமைக்கவும் பெண்கள் ஏரி மணலில் குழி தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடத்தில் நிரப்புவார்கள். ஒரு தடவை மொண்டால் குழி வறண்டுவிடும். மறுபடி ஊறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு குடம் நிரம்புவதற்குள் வெயில் இறங்கிவிடும். வந்தவர்கள் யாரும் அந்த ஊற்றைத் திட்டாமல் குடத்தைத் தூக்கியதில்லை.

எங்கள் அம்மாவும் சித்தியும் மட்டும் திட்டியதே இல்லை. சாயங்காலமானால் "காத்து வாங்கிட்டு வர்றோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு தூக்கில் முறுக்கோ சுண்டலோ இருக்கும். குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர்களோடு பேசிப் பேசி 'வீடு', 'என்ன' என்று திருத்தமாகப் பேசப் பழகியிருந்தவளுக்கு, சுவர் ஓட்டையைத் தாண்டியதும் 'ஊடு', 'இன்னா' எல்லாம் திரும்ப வந்துவிடும். அந்தப் பக்கம் சித்தி இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருப்பாள். இருவரும் குழியோரம் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிற பெண்களுக்கெல்லாம் முறையை விட்டுக்கொடுப்பார்கள். "நீங்க மொண்டுகினு போங்கக்கா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சித்தி சொல்வாள். இந்தக் காலத்தில் இப்படியொரு பொறுமையான பெண்ணா என்று அந்த ஊரே சித்தியைப் புகழ்ந்தது. தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஊறியதோ அவ்வளவு நேரம் அக்காவோடு பேசலாம் என்கிற கணக்கு ஊருக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த கோடையைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் சித்திக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. செய்தி வந்தபோது ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அம்மா ரோடு வழியாகப் போனாள். வீடு நிறையப் பெண்கள். மாமியார் தூளி கட்டிய புடவையை அவிழ்த்து எங்கோ வைத்துவிட்டு, "இனி இந்த ஊட்ல அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சித்தியின் நல்லதுக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு முறை ரோடு வழியாகப் போனோம். சித்தி காபி கொடுத்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். முகம் இருந்த இடத்தில் இரண்டு கண்கள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமியாரைத் திட்டித் தீர்ப்பாள். "ஒரு சொட்டு கண்ணீர் வுட வுட மாட்டேங்குது அந்தப் பொம்பள. பெத்தவ அழுவக்கூட கூடாதா?" என்பாள். அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிறைந்திருப்பதைக் கரையில் நின்று பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஏரி சீக்கிரம் வற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் அம்மாவாகத்தான் இருக்கும்.

அது வற்றுவதற்குச் சித்திரை பாதி ஆகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் ஊற்றங்கரையில் சித்தியைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குழியில் கையை விட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சித்தி தானாகவே ஆரம்பித்தாள். குழந்தையின் கால் விரல்களைப் பற்றிச் சொன்னாள். சுண்டுவிரல் உள்பக்கமாக மடிந்திருந்ததாம், சித்தப்பாவுக்கு இருக்கிற மாதிரி. அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த மாதிரி அழுகையை அதற்கு முன்னால் பார்த்துப் பழக்கமில்லை. பயந்துபோய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டேன்.

அதன் பிறகு தினமும் இதுதான். நானும் தம்பியும் வெடித்த மண் ஓடுகளைப் பெயர்த்து வீடு கட்டுவோம், இல்லாவிட்டால் மல்லாந்து படுத்துக்கொள்வோம். நடுக்குட்டையைச் சுற்றிக் கொக்குகள் நின்றிருக்கும். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அது ஏரிக்குள் வேறு மாதிரி கேட்கும், ரொம்ப தூரத்தில் யாருக்கோ ஊதுகிற மாதிரி. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் படுத்திருக்கிறோம், நமக்கு மேலே மீன்கள் நீந்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்தப் பக்கம் சித்தி அழுதுகொண்டிருப்பாள், சில நாள் பேசிக்கொண்டிருப்பாள், போகப்போக ஒரு நாள் சிரிக்கவும் செய்தாள். கிளம்பும்போது அம்மா ஊற்றுத் தண்ணீரைக் கையில் மொண்டு சித்தியின் முகத்தைக் கழுவிவிடுவாள். எனக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரியே, மூக்கைப் பிடித்துச் சிந்தி.

இதற்கு நடுவில்தான் சித்தப்பா தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தார்.

பட்டறை முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு நாள் அவர் கரைமேல் நின்று பார்த்திருக்கிறார். வெயிலில் குடத்தைச் சுமந்துகொண்டு சித்தி ஏரியைக் கடந்து போயிருக்கிறாள். ஏற்கெனவே உடம்பு பாதியாகிப் போன மனைவி, இடுப்பில் அவ்வளவு பெரிய குடம். அவருக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் அவர். ஆனால் இரும்பில் எது சொன்னாலும் செய்வார். பட்டறையில் சொல்லி வைத்து, ஆட்களைக் கூட்டிவந்து, சித்தி கோயிலுக்குப் போயிருந்த நாளில் பின்கட்டில் குழாய் இறக்க ஆரம்பித்துவிட்டார். கைப்பிடியைத் தானே லேத்தில் கடைந்து, வளைத்து, பச்சைப் பெயின்ட் அடித்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதர் மேல் எனக்குப் பாசமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அழைப்பு வந்தது. அடிபம்பு போட்டாயிற்று, அண்ணாத்தேவும் அண்ணியும் பிள்ளைகளும் வந்து பார்க்க வேண்டும். அந்த வாரம் காட்டுப்பாக்கத்து அத்தையின் முறை. அப்பா அதைத் தள்ளிவைத்துவிட்டு பழம், பூ சகிதம் எங்களை ரோடு வழியாகக் கூட்டிப்போனார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சித்தப்பாவைப் புகழ்ந்துகொண்டே வந்தார். "மாப்பிள்ளன்னா இவன் மாப்பிள்ள. இனிமே உன் தங்கச்சி ஏரியும் கரையுமா அலைய வேணாம்" என்றார். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு "ஆமா" என்றாள். அந்த 'ஆமா'வில் இருந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் எங்கே ஊற்றங்கரைக்கு வந்தார்?

பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் பூச்சுற்றி, அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வைத்திருந்தார்கள். சித்தப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். கற்பூரம் காட்டியதும் அவரே அடித்தார். நாலைந்து தடவை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. தம்பி ஓடிப்போய்த் தலையை நீட்டினான். அப்பா ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "அடடா, எளநி மாதிரி இருக்கு சகல!" என்று உரக்கச் சொன்னார். நானும் குடித்தேன். உண்மையிலேயே நல்ல தண்ணீர். எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் வருவதைவிட நல்ல தண்ணீர்.

"இனிமே ஏரிக்குப் போவ வேணாம்" என்றார் சித்தப்பா. சித்தியைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? எனக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், நான் அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வாள்? அம்மாவும் சிரித்தாள். "ரொம்ப நல்லதுங்க தம்பி" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். எனக்கு அந்தப் பம்பை ஓங்கி உதைக்க வேண்டும் போல் இருந்தது. பச்சைப் பெயின்ட் பளபளக்க அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

மாமியார் அம்மிக்கல் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு லோட்டா குடு" என்றாள். சித்தப்பா ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுத்தார். ஒரு வாய் வைத்து, கன்னம் உப்ப வாயிலேயே வைத்திருந்துவிட்டு, பக்கத்தில் துப்பினாள்.

"உப்பு."

எல்லோரும் திகைத்துப் போனோம். "இன்னாமா சொல்ற? தேனாட்டம் கீது" என்றார் சித்தப்பா.

"உன் நாக்குக்குத் தேனு, என் நாக்குக்கு உப்பு. இதுல பருப்பு வேவுமா? டீ போட்டா தெரிஞ்சி பூடும். துணி தோய்க்க, மாட்டுக்குக் காட்ட வெச்சிக்கோ. எனக்குக் குடிக்க ஊத்துத் தண்ணிதான் வோணும்."

"மாமி, நான் குடிச்சேனே, நல்லாத்தான்..." என்று அப்பா சமாதானத்துக்குப் போனார்.

"நீ குவார்ட்டர்ஸ்ல கொழா தண்ணி குடிக்கிறவன். உனக்கு இன்னா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டாள். பிறகு சித்தியின் பக்கம் திரும்பி, "தெனம் ஒரு கொடம் கொண்டாந்துடு. நல்லா தெளிய உட்டுக் கொண்டா. அடிச்சிப் புடிச்சிகினு கலங்கலா கொண்டாராத" என்றாள்.

சித்தப்பா கையில் இருந்த லோட்டாவைப் பார்த்தபடி நின்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. திரும்ப ஒரு முறை தானே குடித்துப் பார்த்தார். அப்பாவுக்கு வந்த கோபம் பஸ்ஸில் ஏறிய பிறகும் அடங்கவில்லை. "அந்தப் பையன் எவ்ளோ ஆசையா செஞ்சான். பெத்த புள்ள மூஞ்சில கரியப் பூசிட்டாளே! மருமவளை வெயில்ல அலைய வுடணும், அதான் அந்தம்மாவுக்குத் திருப்தி" என்று பூந்தமல்லி ரோடு முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் ஊற்றங்கரைக்குப் போனோம். சித்தி வந்திருந்தாள். "நாக்கு செத்துப் போச்சு போலக்கா அதுக்கு. நல்ல தண்ணிய உப்புன்னுது" என்றாள். "எந்தச் சாமி புண்ணியமோ" என்றாள் அம்மா. குழியில் தண்ணீர் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

அப்படியே ஒரு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் குடம் நிரம்பி எழுந்திருக்கும்போது சித்தியின் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. ஆழமாக. அம்மா பிடுங்கிப் போட்ட பிறகும் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. "நீ மெதுவா வா" என்று அம்மா குடத்தைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள். சித்தி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் வர, நானும் அம்மாவும் முன்னால் நடந்தோம். ஏரிப்பக்கமிருந்து சித்தி வீட்டுக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் வாசல் கிடையாது, பின்கட்டுப் படல்தான். தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

மாமியார் அடிபம்பின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். வலது கையால் அடித்து, இடது கையில் ஏந்தி, மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்திருப்பாள் போல, முதுகெல்லாம் வேர்வை. தாகம் அடங்குகிற மாதிரி இல்லை. கை நிறையப் பிடிப்பதும் குடிப்பதும், தாடையில் வழிந்து ரவிக்கை நனைவதும், மறுபடி அடிப்பதுமாக நின்றிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கைப்பிடி கொஞ்ச நேரம் தானாக ஆடியது.

"அத்தே, உப்புன்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா. குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அவ எங்க?"

"பின்னாடி வர்றா. கால்ல முள்ளு."

மாமியார் படல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "சொல்லிகில்லி வெச்சிடாத" என்றாள். அவள் குரலை இறக்கிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "எனக்குத் தெரியாதா? தேனாட்டம்தான் கீது. என் புள்ள போட்ட பம்பு."

"அப்புறம் ஏன்த்தே?"

"கொழந்த போனதுலேர்ந்து சோத்தைப் பெசஞ்சிகினே குந்தியிருப்பா. ஒரு வாய் உள்ள போவாது. நீ ஏரிக்கு வர ஆரம்பிச்சப்புறம்தான் துன்றா. கண்ணு செவந்து வர்றா, வந்து துன்றா. நான் பாத்துகினுதானே கீறேன். பம்பு வந்துட்டா அவள எந்த சாக்குல அனுப்பறது? போயி உங்கக்காகிட்ட அழுதுட்டு வாடீன்னு மாமியாக்காரி சொல்ல முடியுமா?"

"அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"ஊட்ல எடுத்தா அவன் ஒடஞ்சி பூடுவான். ரெண்டு பேத்தையும் நான் ஒருத்தி எப்டித் தூக்கி நிறுத்தறது?" மாமியார் முந்தானையால் தாடையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ரெண்டு போச்சு. பச்ச ஒடம்பு காயறதுக்குள்ள நாத்து நட இட்டுகினு போய்ட்டாங்க. ஏரி இங்கதான் இருந்துச்சு. என்ன யாரும் அனுப்பல."

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாள் அந்தப் பொம்பளை, அந்தப் பொம்பளை என்று திட்டியிருப்பாள். ஈரமான அந்தக் கையை விடவே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. காரணம் முழுசாகப் புரியும் வயதில்லைதான், ஆனாலும் வந்தது.

படல் கிரீச்சிட்டது. மாமியார் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு அம்மிக்கல்லில் போய் உட்கார்ந்துவிட்டாள். சித்தி தம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தாள்.

"இன்னாடி, தொண்ட வறண்டு கெடக்கேன், ஆடி அசைஞ்சி வர்றே? அந்த ஊத்துத் தண்ணிய ஊத்து" என்று மாமியார் பழைய குரலில் கத்தினாள்.

சித்தி குடத்தைச் சாய்த்து லோட்டா நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மாமியார் அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசி வரைக்கும் குடித்தாள். வயிறு ஏற்கெனவே நிரம்பியிருந்தது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். குடித்து முடித்து ஒரு ஏப்பம் விட்டு, "இது தண்ணி" என்றாள்.

"இன்னும் வோணுமாத்தே?"

மாமியார் சித்தியின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"ஊத்து" என்று லோட்டாவை நீட்டினாள். அதையும் குடித்தாள்.